முதல் புத்தகம் போட அலைந்த கதை: உங்களுக்கு என்ன நடந்தது?

ஜங்ஷன்காரன்:
எங்கள் தெருத் தம்பியின் சிறுகதைகள். டெமி அளவுப் புத்தகத்தில் 128 பக்கம் வரும் என்று கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தான். கைப்பிரதி அனுப்பி ஏழு மாதமாகப் பதில் இல்லை; சரி வா என்று நானே நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கூட்டிப்போனேன். பதிப்பாளர் அங்கேயே ஒரு கதையை வாசித்தார். ஒரு வரியை இரண்டு தடவை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதே சிரிப்போடு, "முந்நூறு காப்பி நீங்களே எடுத்துப்பீங்க இல்லையா?" என்றார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். கொண்டுபோன அல்வாப் பொட்டலம் பிரிக்காமல் மேஜையில் இருந்தது. திரும்பும்போது ரயில் விழுப்புரம் தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தான்: "முந்நூறு பேருக்கு எங்க போவேன் அண்ணாச்சி?"

பாளை வாசகி:
என்னிடம் காசு கேட்கவில்லை. ஆச்சி அங்கணத்தில் உட்கார்ந்து பாத்திரம் விளக்குகிறாள் என்று எழுதியிருந்தேன். அங்கணம் என்றால் எங்கள் ஊரில் வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் இடம். அச்சுக்கு முன் திருத்த வந்த மெய்ப்பில் எல்லா இடத்திலும் 'முற்றம்'! கேட்டால், "வாசகருக்குப் புரியணுமே மேடம்." சண்டை போட்டுப் பதினாறு இடத்தில் மீட்டேன். ஒன்று தப்பி அச்சாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஆச்சி நடு முற்றத்தில் கழுநீரைக் கொட்டுகிறாள்.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி, உங்கள் பதிப்பாளர் முந்நூறு காப்பி எடுக்கச் சொன்னதில் என்ன தப்பு? அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வருமா வராதா என்று தெரியாமல் புதுப்பெயரை யார் அச்சடிப்பார்? ஆனால் அது சொந்தக் காசில் போடுவதுதான், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் கதை சின்னது: ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமை எல்லாம் பதிப்பாளருக்குப் போச்சு. புதிதாக வருகிறவர்கள் கவனியுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று போடாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 வருடம்தான். எந்த நாடு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. ராயல்டி அச்சிட்ட விலைக்கா, கழிவு போன விலைக்கா என்று கேளுங்கள். விற்பனைக் கணக்கு எந்த மாதம் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அரசு இலவசமாகத்தான் தருகிறது.

பாளை வாசகி:
இதில் அங்கணத்துக்கு வழி இருக்கிறதா?

தென்காசிச் சாரல்:
வட்டாரச் சொல்லை மாற்றக் கூடாது என்று கைப்பிரதியோடு ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கலாமே, அக்கா.

ஜங்ஷன்காரன்:
சட்டமெல்லாம் சரிதான் தம்பி, ஒப்பந்தம் வரைக்கும் போனால்தானே. அவர் சொல்லிச் சிரித்தாரே, அது எந்த வரி என்று எனக்கு மறந்துவிட்டது. எழுதின பையனிடம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான்.