சிலுவைக் கள்ளன் காசைத் திருப்பிக் கொடுத்தானா?

களியக்காவிளைக்காரன்: பாறசாலைப் பக்கம் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் தான் மனம் திரும்பிய கதையாகச் சொன்ன சாட்சியை விசுவாசி இங்கே புகழ்ந்திருக்கிறார். சீட்டு நடத்தி ஊரை ஏமாற்றிய ஆள் இரட்சிக்கப்பட்டாராம், பழைய கணக்கெல்லாம் இயேசுவின் இரத்தத்தால் கழுவப்பட்டதாம். என் சித்தியும் அவரிடம்தான் சீட்டு கட்டினாள். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டிச் சேர்த்த காசு, பாஸ் புக் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அந்தக் கணக்கை யார் கழுவினார்?

விசுவாசி: அண்ணாச்சி, கிருபையினாலே இரட்சிப்பு, கிரியையினால் அல்ல. எபேசியர் 2:8, 9 வாசியுங்கள். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருக்காவது ஒரு காசு திருப்பிக் கொடுத்தானா? அன்றைக்கே பரதீசு கிடைத்ததே!

களியக்காவிளைக்காரன்: அவன் கையில் ஆணி அடித்திருந்தது. உங்கள் ஆளுக்குக் கை சும்மாதானே இருக்கிறது?

முளகுமூட்டான்: எங்கள் கத்தோலிக்க சபையில் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தாலும் திருடியதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இந்தக் குறுக்குவழியெல்லாம் பெந்தெகொஸ்தேகாரர்களுக்குத்தான்.

விசுவாசி: மெழுகுதிரி ஏற்றிப் புண்ணியம் தேடுகிறவர்கள் பேச வேண்டாம். கள்ளன் எந்தச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான்?

முளகுமூட்டான்: அவன் ஞானஸ்நானமும்தான் எடுக்கவில்லை. பிறகு ஏன் எங்கள் ஆட்களைப் பிடித்துத் திரும்பவும் தண்ணீரில் முக்குகிறீர்கள்? இரட்சிப்பு கிருபையால்தான், நற்செயல் அதன் கனி என்று 1999-லேயே கத்தோலிக்கரும் லுத்தரன்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாயிற்று.

களியக்காவிளைக்காரன்: உங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கள்ளன் கதையை எழுதிய அதே லூக்கா, 19-ஆம் அதிகாரத்தில் வரி வசூலித்த சகேயுவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. கள்ளன்கூடத் தனக்குக் கிடைத்தது நியாயமான தண்டனை என்று ஒப்புக்கொண்டான். உங்கள் ஆள் எந்தத் தண்டனையை அனுபவித்தார்? ஏமாந்தவள் என் சித்தி, அவளைக் கேட்காமல் அவள் கடனை இன்னொருவர் எப்படித் தள்ளுபடி செய்யலாம்?

விசுவாசி: சகேயு மனதாரக் கொடுத்தான், இயேசு கேட்டு வாங்கவில்லை. உங்கள் சித்தி அவரை மன்னிக்காவிட்டால் சித்திக்கும் மன்னிப்பில்லை, மத்தேயு 6:15. கள்ளன் திருப்பிக் கொடுத்தானா, அதைச் சொல்லுங்கள்.

பனச்சமூடு: விசுவாசி அண்ணே, கமிட்டி எலெக்‌ஷனில் தோற்றதும் பழைய சபையை விட்டு ஓடின நீங்கள் அடுத்தவரை மன்னிக்கச் சொல்லாதீர்கள்.

விசுவாசி: அந்த எலெக்‌ஷனில் கள்ள ஓட்டுப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?

களியக்காவிளைக்காரன்: ஆணி, ஆணி! அதற்குப் பதில் வரவில்லை. மத்தேயு என்றால் 5:23, 24-ஐயும் வாசியுங்கள். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்றுதான் இருக்கிறது. காணிக்கைப் பெட்டியில் அவர் போட்ட பணம் பாஸ் புக் வைத்திருப்பவர்களுடையது.

விசுவாசி: காணிக்கை கர்த்தருடையது. அதில் கணக்குக் கேட்க நீங்கள் யார்?