கூரை எந்தத் திசை பார்க்கிறது? கேஎல், பினாங்கு வீடுகளுக்கான சோலார் கணக்கு

(அந்தந்த ஊர்க்காரர் ஒவ்வொருவராகச் சொல்வது)

கெப்போங் (கேஎல்):
“வடக்கே பார்த்த கூரை, சோலார் எடுக்காது” என்று கைவிரிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜெர்மனிக்கு அந்தப் பேச்சு சரி. கேஎல் (கோலாலம்பூர்) வட அட்சரேகை 3.1 டிகிரியில் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான். ஜூன் 21 உச்சியில், 25 டிகிரி சரிந்த தெற்குக் கூரைக்கு நேர்வெயிலில் 70 சதவீதம்தான் கிடைக்கும், வடக்குக் கூரைக்கு ஏறக்குறைய முழுசும். டிசம்பர் 21இல் தலைகீழ்: வடக்குக்கு 62. இதுவும் நேர்வெயிலுக்கு மட்டுந்தான். நம்மூர் வெளிச்சத்தில் பாதிக்கு அருகில் மேகத்தில் சிதறி வருவது, அதற்குத் திசை கிடையாது. வருஷக் கணக்கில் வித்தியாசம் சில சதவீதத்தோடு நின்றுவிடும்.

சரிவை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். ரசமட்டத்தின் ஒரு முனையைக் கூரையில் வைத்துக் கிடையாகப் பிடித்து, 1 மீட்டர் தள்ளி கூரைக்கும் அதற்கும் உள்ள செங்குத்து இடைவெளியைப் பாருங்கள். 27 செ.மீ. என்றால் 15 டிகிரி, 47 என்றால் 25.

பாயான் லெப்பாஸ் (பினாங்கு):
கெப்போங் அண்ணன் சொன்னதோடு ஒன்று. சோலார் விளைச்சலைக் கணக்கிட இணையத்தில் பிவிஜிஐஎஸ் (PVGIS), பிவிவாட்ஸ் (PVWatts) என்று இரண்டு கருவிகள் உண்டு, கூரையின் திசையை எண்ணாகக் கேட்கும். பிவிஜிஐஎஸ்ஸில் தெற்கு என்றால் 0, கிழக்கு -90. பிவிவாட்ஸில் தெற்கு 180, கிழக்கு 90. ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டால் திசையே மாறிவிடும். 10 டிகிரி சரிவில் விடை பெரிதாக மாறாது என்பதால் யார் கண்ணிலும் படாது! திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வித்தியாசம் (காந்தத் திருத்தம்) இங்கே ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் போனை சிங்க் கூரைமேல் வைத்துப் பார்த்தால் முள் இஷ்டத்துக்குத் திரும்பும். தெருவில் நின்று பாருங்கள்.

மொட்டைமாடிக்கு “அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வு” என்ற விதி வேண்டாம். கேஎல்லுக்கு 3, பினாங்குக்கு 5 என்று வரும் அந்தச் சாய்வில் மழைத்தண்ணீர் கீழ்ச்சட்டத்தில் தேங்கி, அழுக்குப் பட்டை படிந்து அடிவரிசை செல்களை மறைக்கும். குறைந்தது 10.

செந்தூல் (கேஎல்):
நிழல் பார்க்க 12 மணிக்கு ஏறாதீர்கள். நம் கடிகாரம் 120 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, கேஎல் இருப்பது 101.7இல். சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 1:13க்கு. நவம்பர் தொடக்கத்தில் 12:57, பிப்ரவரியில் 1:27.

கேஎல்லில் ஒரு நாளின் வெயிலையெல்லாம் திரட்டினால் 4.5 மணி நேர முழுவெயிலுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 5 கிலோவாட் × 4.5 × 0.78 = சுமார் 17.5 யூனிட். அந்த 0.78 எதற்கென்றால், பேனல் 60 டிகிரி சூடானால் அதிலேயே 12 சதவீதம் போகும். மிச்சம் தூசி, வயர், இன்வெர்ட்டர்.

ஆயர் ஈத்தாம் (பினாங்கு):
எங்கள் பக்கம் மேற்கே கொடிமலை (பினாங்கு ஹில்). அடிவானத்திலிருந்து 15 டிகிரி மறைத்தால் சாயங்காலம் ஒரு மணி நேர வெயில் போச்சு. பிவிவாட்ஸ் மலையைக் கணக்கில் எடுக்காது, பிவிஜிஐஎஸ் எடுக்கும். இருந்தாலும் அந்த நேர வெயிலில் சத்து கம்மி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி 1 மணிக்கு விழுத்தும் நிழல்தான் பெரிய அடி. அது இந்த இரண்டு கருவிக்கும் தானாகத் தெரியாது.

கிழக்கு, மேற்கு இரண்டு பக்கமும் போடுகிறவர்கள் எல்லாப் பேனலையும் ஒரே சரத்தில் (தொடர் இணைப்பில்) கோர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் இன்வெர்ட்டர் பகுதி, MPPT). கேஎல்லில் பிற்பகல் இடிமழை அதிகம் என்பதால், ஒரு பக்கம்தான் என்றால் கிழக்கு.