இரவு பதினொன்றரைக்கு மேலாளர் கூப்பிட்டால் எடுக்கத்தான் வேண்டுமா?

பெருங்குடிவாசி:
நேற்று இரவு மகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப்: "ஒரு நிமிடம் பேசலாமா?" அந்த ஒரு நிமிடம் முடிந்தபோது மணி ஒன்று. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்பை மறுப்பது ஊழியரின் சட்ட உரிமை. இங்கே மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே இதே உரிமைக்காக 2018-இலேயே மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

பட்டறைக்காரர்:
தம்பி, கோவையில் பன்னிரண்டு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறேன். இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றால் ஃபிட்டரைக் கூப்பிடாமல் ஜோசியரையா கூப்பிடுவது?

பெருங்குடிவாசி:
கூப்பிடவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை ஐயா. எதற்காகக் கூப்பிட்டார்கள், அதற்குத் தனியாகப் பணம் உண்டா, அவருடைய பொறுப்பு என்ன, வீட்டு நிலைமை என்ன என்றெல்லாம் பார்ப்பார்கள். மறுத்தது நியாயமில்லை என்றால் அந்த உரிமை செல்லாது. பதினைந்து பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு ஓராண்டு கூடுதல் அவகாசமும் கொடுத்தார்கள்.

பட்டறைக்காரர்:
நான் நள்ளிரவில் கூப்பிட்டால் மறுநாள் மதியம் வந்தால் போதும் என்றுவிடுவேன். முகம் பார்த்துப் பழகுகிற இடத்தில் சட்டம் எதற்கு?

வார்டு செவிலி:
அண்ணா, உங்கள் முகம் நல்ல முகமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் கால் வைக்கும்போது எனக்கு அழைப்பு வரும்: "அடுத்த ஆள் வரவில்லை, திரும்பி வா." நோயாளியை நினைத்துத் திரும்புவேன். அந்த நான்கு மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. என் வயிற்றெரிச்சல் அதில்தான்.

பட்டறைக்காரர்:
கூலி கேளுங்கள், நியாயம். போனை அணைத்துவிடுவேன் என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

பெருங்குடிவாசி:
எனக்குக் கூலி வேண்டாம், தூக்கம் போதும்.

வார்டு செவிலி:
உங்கள் மேலாளர் மட்டும் ஏன் தூங்கவில்லையாம்?

பெருங்குடிவாசி:
கேட்டேன். அவரை டல்லாஸிலிருந்து கூப்பிட்டார்களாம். அங்கே அப்போது நடுப்பகல். சாப்பிடப் போகும் முன் கேட்டுவிடலாம் என்று நினைத்தார்களாம்.