ராணித் தெருவும் ஒரு நீலத் தட்டும்

நான் பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடியில். டான்ஸ்போர்க் கோட்டை வாசலில் விளையாடிய நாளிலிருந்தே, இதைக் கட்டிய டென்மார்க் நாட்டு டேனியரின் தலைநகரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. வகுப்புத் தோழிகள் லண்டன், பாரிஸ் என்பார்கள். நான் கோபன்ஹேகன் என்பேன். ஐம்பத்தெட்டு வயதில்தான் கைகூடியது. ஸ்வீடனில், மால்மோவில் மகளுக்கு வேலை. அங்கே ரயில் ஏறிக் கடல் பாலத்தைக் கடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் கோபன்ஹேகன் வந்துவிடுகிறது.

நியூஹவ்ன் கால்வாயோரத்து வண்ண வீடுகளையும் கடற்கன்னிச் சிலையையும் மகள் காட்டினாள். பார்த்தேன், அழகுதான். ஆனால் நான் தேடி வந்தது கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் பகுதியை. அதை உருவாக்கிய அரசர் நான்காம் கிறிஸ்டியன் 1618-இல் அனுப்பிய கப்பல்கள்தாம் 1620-இல் நம் பக்கம் வந்தன. தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, எங்கள் கடற்கரையில் கோட்டை எழுந்தது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை ஊர் டேனியர் கையில் இருந்தது. ஸ்ட்ராண்ட்கேடெ தெருவில், எங்கள் ஊரோடு வாணிபம் செய்த டேனிய ஆசியக் கம்பெனியின் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. வந்தவர்கள் லாபத்துக்காக வந்தவர்கள், அதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் அந்தச் சுவரில் கை வைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரு தெருப் பலகை: ட்ரோனிங்கென்ஸ்கேடெ. ராணித் தெரு என்று பொருள். எங்கள் ஊரிலும் கோட்டைக்குப் பக்கத்தில் குயின் ஸ்ட்ரீட் இருக்கிறதே! அந்தப் பலகையின் கீழே நின்று மகளைப் படம் எடுக்கச் சொன்னேன்.

அருகிலுள்ள மீட்பர் தேவாலயத்தின் கோபுரத்துக்கு 400 படிகள். கடைசி 150 படிகள் கோபுரத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிச் சுற்றிப் போகின்றன, காற்று ஆளைத் தள்ளுகிறது. முழங்கால் வலியோடு ஏறினேன். உச்சியிலிருந்து கடல் தெரிந்தது. கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு 1705 நவம்பரில் அந்த வழியாகப் புறப்பட்டு, அடுத்த ஜூலையில்தான் எங்கள் கரையில் இறங்கினார். அத்தனை மாதங்கள் தண்ணீரை மட்டுமே பார்த்திருப்பார்! மகள் கீழே போகலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டாள்.

இறங்கிக் கால்வாயோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த மூதாட்டி என் புடவையைப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தரங்கம்பாடி என்றேன், புரியவில்லை. "ட்ராங்கெபார்" என்று டேனியப் பெயரைச் சொன்னதும் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"என் அம்மாவிடம் அந்தப் பெயரில் நீலப் பூப்போட்ட தட்டுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுப்பார். அது ஓர் ஊரின் பெயர் என்பதையே பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஊரில் இப்போதும் மக்கள் வாழ்கிறார்களா?"

வாழ்கிறோம் என்றேன். மீன் ஏலம், மாசிலாமணிநாதர் கோயிலை அரிக்கும் கடல், சுனாமி வந்த காலை என்று நெடுநேரம் பேசினேன். மகள் வேண்டிய இடங்களில் சொல் எடுத்துக் கொடுத்தாள். அவர் பாதியில் எழுந்து போகவில்லை.

மறுநாள் ஒரு பழம்பொருள் கடையில் அந்த வகைத் தட்டு ஒன்று கிடைத்தது. புடவைக்குள் சுற்றி, உடையாமல் ஊருக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். இப்போது அதில்தான் வெற்றிலை வைத்துக்கொள்கிறார்.