மூன்றாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் ஸ்பெயினில் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள், அனுப்பலாமா?

விஸ்கான்சின் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இங்கே விஸ்கான்சினில் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் சோஃபமோர், அதாவது இரண்டாம் வருடம். மேஜர் பயாலஜி, மைனர் ஸ்பானிஷ். மெடிக்கல் ஸ்கூல் போக வேண்டும் என்று ஒன்பதாம் கிளாஸிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாக, அடுத்த வருடம் ஸ்பிரிங் செமஸ்டருக்கு (ஜனவரியில் தொடங்குவது) ஸ்பெயினில் செவில் போகிறேன், அட்வைசரிடம் பேசியாகிவிட்டது என்கிறாள். பேசியாகிவிட்டதாம்! அவள் அப்பா அன்றிலிருந்து ஒரே பாட்டு: காசு கொடுத்து ஊர் சுற்றுவதற்குப் பெயர் படிப்பா, நான்கு வருடத்தில் முடிய வேண்டிய டிகிரி ஐந்து வருடம் ஆனால் அந்த ஃபீஸை யார் கட்டுவது என்று. எனக்கு அனுப்ப ஆசைதான், அதற்காக கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் மனசு வரவில்லை. அவள் காட்டிய ப்ரோக்ராமின் கட்டணம் இங்கே ஒரு செமஸ்டருக்கு நாங்கள் கட்டுவதை விட நன்றாகவே அதிகம். அங்கே எடுக்கும் கிரெடிட் (டிகிரிக்குச் சேரும் பாடப் புள்ளிகள்) இங்கே செல்லுமா, ஃபைனான்ஷியல் எய்ட் (படிப்புக்கான பண உதவி) கூட வருமா, மெடிக்கல் ஸ்கூலுக்கு இதனால் கெடுதல் ஏதும் உண்டா? பிள்ளைகளை அனுப்பியவர்கள், போய் வந்தவர்கள் யாராவது சொன்னால் புண்ணியம். மகள் இங்கே பிறந்தவள், அமெரிக்க பாஸ்போர்ட்தான்.

மூன்றாம் மாடி அலுவலகம்:

அக்கா, நான் ஒரு யுனிவர்சிட்டியின் ஸ்டடி அப்ராட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன் (உங்கள் மகளுடையது இல்லை), இந்தக் கேள்வியோடு வராத பெற்றோரே கிடையாது. உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் ஒன்று சொல்லுங்கள், இது இன்று நேற்று வந்த ஃபேஷன் இல்லை. 1923-லேயே டெலவேர் யுனிவர்சிட்டி எட்டு மாணவர்களை பிரான்சுக்கு அனுப்பி, அந்தப் படிப்பை இங்கே டிகிரியில் சேர்த்துக்கொண்டது. ஜூனியர் இயர் அப்ராட், அதாவது மூன்றாம் வருடத்தை வெளிநாட்டில் படிப்பது என்ற வழக்கமே அங்கிருந்துதான் தொடங்கியது.

ஊர் எது என்பதை இப்போதைக்கு விடுங்கள், எந்த வழியில் போகிறாள் என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் இங்கே கட்டும் அதே ட்யூஷனை (படிப்புக் கட்டணம்) இங்கேயே கட்டிவிட்டு அங்கே போய் உட்கார்ந்து படிக்கலாம், பதிலுக்கு அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வரும். இன்-ஸ்டேட் ட்யூஷன் (சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கான குறைந்த கட்டணம்) கட்டுபவர்களுக்கு இதை விட மலிவான வழி கிடையாது, ஆனால் இடங்கள் குறைவு, வீடு தேடுவதிலிருந்து எல்லாம் அவளே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் யுனிவர்சிட்டிக்கு நேரடி ஒப்பந்தம் இல்லையென்றால் ஐசெப் என்ற அமைப்பில் உறுப்பினரா என்று விசாரியுங்கள், அவர்கள் வழியாகவும் எக்ஸ்சேஞ்ச் போகலாம். அடுத்தது சிஐஇஇ, ஐஇஎஸ் மாதிரி ப்ரொவைடர்கள், அதாவது வெளிநாட்டுப் படிப்பை ஏற்பாடு செய்து தரும் அமைப்புகள். தங்கும் இடம், இன்ஷூரன்ஸ், அங்கே உதவிக்கு ஆள் எல்லாம் சேர்த்துத் தருவார்கள், அதற்கேற்ற விலை. மகள் காட்டியது இந்த வகையாகத்தான் இருக்கும். மூன்றாவது, வெளிநாட்டு யுனிவர்சிட்டியிலேயே விசிட்டிங் மாணவராக நேரே சேர்வது. அதில் எய்ட் பேப்பர் வேலை கொஞ்சம் கூடும்.

எய்ட் விஷயம்: அந்தப் படிப்புக்கு கிரெடிட் தருவதாக உங்கள் யுனிவர்சிட்டி ஒப்புக்கொண்டிருந்தால் பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசு தரும் உதவித்தொகை), ஃபெடரல் லோன் இரண்டும் கூடவே வரும். ப்ரோக்ராம் செலவுக்கேற்ப காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸைத் (எய்டுக்காகப் போடும் மொத்தப் படிப்புச் செலவுக் கணக்கு) திருத்திக் கணக்குப் போடச் சொல்லி எய்ட் ஆபீஸில் கேட்கலாம், இதைப் பலர் கேட்பதே இல்லை. வொர்க்-ஸ்டடி (படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் எய்ட்) பெரும்பாலும் வராது. யுனிவர்சிட்டியே தரும் ஸ்காலர்ஷிப் எக்ஸ்சேஞ்சுக்கு வரும், ப்ரொவைடருக்கு வராது என்று சில இடங்களில் வைத்திருப்பார்கள், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெல் கிராண்ட் வாங்கும் பிள்ளை என்றால் வெளிநாட்டில் படிக்க அமெரிக்க அரசு தரும் கில்மன் ஸ்காலர்ஷிப்புக்குக் கட்டாயம் போட வேண்டும், 5,000 டாலர் வரை தருகிறார்கள்.

கிரெடிட்டுக்கு ஒரே மந்திரம், போகும் முன்பே அப்ரூவல். அதுவும் நான்கு கோர்ஸ் எடுக்கப் போகிறாள் என்றால் ஏழெட்டு கோர்ஸுக்கு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அங்கே போய் இறங்கினால் இரண்டு கோர்ஸ் ஒரே நேரத்தில் மோதும், ஒன்று அந்த வருடம் நடக்கவே நடக்காது. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் முழுப் படிப்பு 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட்), இங்கே பொதுவாக அதை 15 கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

இனி மெடிக்கல் ஸ்கூல். இதில்தான் எனக்கு உங்கள் மகளின் திட்டத்தோடு சண்டை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் மாதிரி ப்ரீ-ரெக்விசிட் (மெடிக்கல் ஸ்கூல் சேர முன்பே முடித்திருக்க வேண்டிய பாடம்) எதையும் அங்கே எடுக்க வேண்டாம், வெளிநாட்டில் எடுத்ததை ஏற்காத மெடிக்கல் ஸ்கூல்கள் நிறைய. அங்கே ஸ்பானிஷ் மைனரையும் பொதுப் பாடங்களையும் முடிக்கட்டும். அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை ஜூனியர் ஸ்பிரிங் என்பதுதான். டிகிரி முடித்த கையோடு மெடிக்கல் ஸ்கூல் என்றால் ஜூனியர் வருடம் முடிகிற மே கடைசி, ஜூனில் அப்ளிகேஷன் போக வேண்டும். அதற்கு முன்னால் எம்கேட் என்ற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும், ப்ரொஃபசர்களிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டிருக்க வேண்டும். ஏழரை மணி நேரப் பரீட்சைக்கு செவிலில் உட்கார்ந்து படிப்பேன் என்று இருபது வயதுப் பிள்ளை சொன்னால் நான் நம்ப மாட்டேன். இடையில் ஒரு வருடம் எடுக்கப் போகிறாள் என்றால் கவலை இல்லை, இப்போது பலர் அப்படித்தான் போகிறார்கள். இல்லையென்றால் ஜூனியர் ஃபால், அதாவது அதற்கு முந்தைய செமஸ்டர், கேளுங்கள்.

ட்ரையானா பாலம்:

ஆன்ட்டி, நான் செவிலில் ஒரு ஸ்பிரிங் செமஸ்டர் இருந்துவிட்டு வந்தவள், ப்ரீ-மெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் மாணவி) இல்லை, அதனால் மேலே சொன்ன தலைவலி எனக்கு இருக்கவில்லை. அங்கிளிடம் ஊர் சுற்றல் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன், வெள்ளிக்கிழமை கிளாஸ் இல்லாமல் டைம்டேபிள் போட்டுக்கொண்டு வாரா வாரம் ஃப்ளைட் ஏறிய பிள்ளைகளும் எங்கள் க்ரூப்பில் இருந்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளை மட்டும் ஒரு கட்டடத்தில் வைத்து இங்கிலீஷில் பாடம் நடத்தும் ப்ரோக்ராம் என்றால் அப்படித்தான் ஆகும். அதனால் யுனிவர்சிட்டி ஆஃப் செவிலில் உள்ளூர் பிள்ளைகளோடு ஒரு கோர்ஸாவது எடுக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அதன் பெரிய கட்டடம் பழைய அரசுப் புகையிலைத் தொழிற்சாலை, உள்முற்றம் உள்முற்றமாகப் போய்க்கொண்டே இருக்கும், முதல் வாரம் கிளாஸ் ரூமைக் கண்டுபிடிப்பதே ஒரு படிப்பு. அந்த ஊர்க்காரர்கள் வார்த்தைக் கடைசியில் வரும் ஸ் ஒலியை விழுங்கிவிட்டுப் பேசுவார்கள், நம் கிளாஸில் படித்த ஸ்பானிஷ் முதல் மாதம் காதிலேயே ஏறாது. அதற்குப் பிறகு ஒரு நாள் பஸ்ஸில் பின் சீட்டுப் பாட்டிகள் பேசும் ஊர் வம்பு தானாகப் புரிய ஆரம்பிக்கும், எனக்கு அதுதான் டிகிரி கிடைத்த மாதிரி இருந்தது.

மார்க் பார்த்து பயந்துவிடாதீர்கள். பத்துக்குத்தான் மார்க், ஐந்து எடுத்தால் பாஸ், ஒன்பதுக்கு மேல் போவது அபூர்வம். ஏழரை வாங்கிவிட்டு இங்கே சி போடுவார்களோ என்று அழுதவர்கள் உண்டு, ஆனால் இங்கே கன்வெர்ஷன் டேபிள் வைத்திருப்பார்கள், முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். ஹோம்வொர்க் குறைவு, முழு வெயிட்டும் கடைசிப் பரீட்சையில். வாரா வாரம் க்விஸ் எழுதிப் பழகியவர்கள் இதில்தான் சறுக்குவார்கள்.

விசா கட்டாயம் வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் ஷெங்கனில் (ஸ்பெயினும் சேர்ந்த ஐரோப்பியப் பொது விசா நாடுகள்) 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான், செமஸ்டர் அதைத் தாண்டிவிடும். விஸ்கான்சினுக்கு சிகாகோ கான்சுலேட். நான் போனபோது இன்ஷூரன்ஸ் கடிதத்தில் ஒரு வரி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், பாஸ்போர்ட்டும் விசா வரும் வரை அவர்கள் கையில்தான் இருக்கும். அந்த நேரத்தில் இந்தியா ட்ரிப் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்!

அப்புறம் வீட்டில் வெஜிடேரியனா ஆன்ட்டி? ஹோம்ஸ்டே ஃபாரத்தில் கறி சாப்பிட மாட்டேன் என்று மட்டும் எழுதினால் போதாது. டுனா வரும், கீரையில் பொடிப்பொடியாக ஹாம் வரும், கேட்டால் அது கறியே இல்லை, வாசனைக்குப் போட்டது என்பார்கள். மீன், ஹாம், சிக்கன் ஸ்டாக் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். என் வீட்டம்மா முதல் வாரம் முறைத்தார், பிறகு எனக்காகவே கொண்டைக்கடலையும் கீரையும் போட்டு ஒரு குழம்பு வைத்தார், சீரக வாசனையோடு, சத்தியமாக நம் வீட்டுச் சாப்பாடு மாதிரியே. இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு மேல்தான்.

ஆஸ்டின் ராமு:

என் மகன் மெக்கானிக்கல் எஞ்சினியரிங், ஜெர்மனிக்கு எக்ஸ்சேஞ்சில் போனான். முதல் பதிலில் சொன்னவர் ஃபால் கேளுங்கள் என்கிறார், சரிதான், ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கி வகுப்பே பிப்ரவரி வரை போகும். இங்கே ஸ்பிரிங் ஜனவரியில் ஆரம்பித்துவிடும், அப்புறம் எங்கே போய் உட்காருவது? அதனால்தான் அவனை ஏப்ரலில் தொடங்கும் கோடை செமஸ்டருக்கு அனுப்பினோம். அது ஜூலை வரை இழுத்ததால் அந்த சம்மர் இன்டர்ன்ஷிப் போச்சு, அவனுக்கு வருத்தம்தான், எனக்கு அவனை விட அதிகம். ஸ்பெயினிலும் உள்ளூர் யுனிவர்சிட்டியில் முதல் செமஸ்டர் பரீட்சை ஜனவரியில் வரும். ஃபாலில் போவதென்றால் டிசம்பரிலேயே பரீட்சை வைத்து அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ப்ரொவைடர் நடத்தும் கோர்ஸ் என்றால் பொதுவாக கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும், கூடுதல் காசு வாங்குவதற்கு அந்த ஒரு நியாயமாவது உண்டு.

ஹெச்-ஃபோர் அப்பா:

உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனால் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. ஹெச்-ஃபோரில் (அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்களின் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான விசா) இருக்கும் பிள்ளை வெளியே போனால் திரும்பி வர பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா ஸ்டாம்ப் வேண்டும், 21 வயது நெருங்கும் பிள்ளை என்றால் லாயரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் திரும்பி வர விசா வேண்டாம், ஆனால் ஒரேயடியாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் பிறகு சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷனில் கேள்வி வரும். செமஸ்டர் முடிந்ததும் அப்படியே பாட்டி வீட்டுக்கு இந்தியா போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்பார்கள், அங்கேதான் ஆறு மாதம் தாண்டும். கில்மனும் கிரீன் கார்டுக்குக் கிடையாது, சிட்டிசனாக இருக்க வேண்டும். இதெல்லாம் ப்ரோக்ராம் விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை.

விஸ்கான்சின் அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இதை அப்படியே மகளுக்கு ஃபார்வர்ட் செய்தேன், எம்கேட் பகுதியைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் பதிலே இல்லை, பிறகு ஃபால் பற்றி விசாரிக்கிறேன் என்று மெசேஜ் வந்தது. நேற்று விசாரித்ததில் அவள் யுனிவர்சிட்டிக்கு ஸ்பெயினில் எக்ஸ்சேஞ்ச் உண்டாம், ஆனால் செவிலில் இல்லை, கிரனாடாவில். அவள் அப்பா இன்-ஸ்டேட் ட்யூஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார், இன்று காலை மேப்பில் கிரனாடா எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஒரே ஒரு சந்தேகம். அடுத்த வருட அபார்ட்மெண்டுக்கு ரூம்மேட்கள் இப்போதே லீஸ் போடலாம் என்று அவசரப்படுத்துகிறார்கள். என்ன செய்வது?

மூன்றாம் மாடி அலுவலகம்:

அவசரப்படாதீர்கள் அக்கா. காலேஜ் ஊர்களில் லீஸ் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் ஆகஸ்ட் வரை, பன்னிரண்டு மாதத்துக்கு. ஃபாலில் அவள் இல்லாவிட்டாலும் வாடகை ஓடும். ஸ்பிரிங்கில் வெளிநாடு போகும் பிள்ளை ஒன்றைப் பிடித்து, ஃபாலுக்கு அந்தப் பிள்ளை, ஸ்பிரிங்குக்கு உங்கள் மகள் என்று ஒரே அறையைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் இங்கே வழக்கம், இதற்காகவே மாணவர்கள் க்ரூப் வைத்திருப்பார்கள். லீஸில் சப்லெட் (உள்வாடகைக்கு விடுவது) அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு, இரண்டு பேர் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் ஜனவரியில் காலியாகும் டார்ம் (ஹாஸ்டல்) இடத்துக்கு ஹவுசிங் ஆபீஸில் இப்போதே பெயர் கொடுத்து வைக்கலாம். கிரனாடா நல்ல ஊர், டிசம்பர் பரீட்சை பற்றி மட்டும் அங்கேயுள்ள எக்ஸ்சேஞ்ச் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள், ஆஸ்டின் ராமு சொன்ன கண்ணி அங்கேயும் இருக்கும்.