படிச்சது ஒண்ணு, கையில இருக்கிற பாஸ் ஒண்ணு: உங்க சர்ட்டிபிகேட் சிங்கப்பூர்ல என்ன விலைக்குப் போச்சு?

ஜூரோங் மைக்ரோமீட்டர்:

போன ஞாயிறு தேக்காவுல சாப்பிட்டுட்டு வெளிய நிக்கிறேன். ஒரு தம்பி வந்து, "அண்ணே, எஸ் பாஸுக்கு ரெஸ்யூம் போடணும், கொஞ்சம் பாத்துக் குடுங்க"ன்னு போனை நீட்டினான். பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. வந்திருக்கிறது கட்டுமானக் கூலி வேலை பெர்மிட்டுல. எஸ் பாஸ் அதுக்கு மேல்படி, நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி. ரெஸ்யூம்ல "வெர்னியர், மைக்ரோமீட்டர் கையாளத் தெரியும்"னு ஒரு வரி. ரெண்டும் துல்லியமா அளக்குற கருவி. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அவனை நினைச்சு இல்ல, என்னை நினைச்சு.

2014ல நான் இங்க ஒரு மெஷின் ஷாப்புல சேர்ந்தேன். முதல் நாள் ஃபோர்மேன் அங்கிள் ஒரு ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் கையில குடுத்து அளந்து சொல்லுன்னார். காலேஜ்ல அதோட படம் வரைஞ்சு பாகம் குறிச்சு 16 மார்க் வாங்கினவன் நான். தைரியமா திருகி, நல்லா இறுக்கி, 24.93 மி.மீ.ன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. வாங்கி, பின்னாடி இருக்கிற சின்ன ராட்செட்டை, அதாவது அளவுக்கு மேல இறுக்க விடாத திருகை மட்டும் ரெண்டு விரல்ல புடிச்சு மெதுவா சுத்தினார். கிர்ர், கிர்ர், கிர்ர்னு மூணு சத்தம், அதோட நிறுத்திட்டார். 24.97. நாலு வருஷத்துல அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. எங்க லேப்ல ஒரே ஒரு மைக்ரோமீட்டர்தான், அது பீரோவுக்குள்ள, சாவி எச்.ஓ.டி. கிட்ட. ரெக்கார்டு நோட்டுல இருந்த அளவெல்லாம் சீனியர் நோட்டைப் பாத்து எழுதினது. அந்த சீனியர் யாரைப் பாத்து எழுதினானோ!

ஒரு காலத்துல தமிழ்நாட்டுல 500க்கு மேல பொறியியல் கல்லூரி. எத்தனை கல்லூரி, எத்தனை சீட்டுன்னு எண்ணினாங்க. மைக்ரோமீட்டரை எண்ணல.

அந்த ஃபோர்மேன் உயர்நிலைப் பள்ளியோட நின்னவர். சின்ன வயசுல ஏதோ ஜெர்மன் கேமரா கம்பெனி நடத்தின பயிற்சிக்கூடத்துல சேர்ந்தாராம், அவ்வளவுதான் அவர் படிப்பு. உங்க கதையையும் சொல்லுங்க. படிப்பு இங்க எதுக்கு உதவுச்சு, எதுக்கு உதவல?

செம்பவாங் பழையவர்:

தம்பி, அந்தக் கேமரா கம்பெனியின் பெயர் ரோலை (Rollei). நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், எழுபதைத் தாண்டிவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

என் தகப்பனார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். தளங்களை மூடப்போகிறோம் என்று பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது. 1971 முடிவதற்குள் கிளம்பியும் விட்டார்கள். எங்கள் வரிசையில் இருந்த தமிழர், மலையாளிகள் பலர் கையில் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். அப்பா போகவில்லை. நாற்பத்திரண்டு வயதில் இரவு வகுப்புக்குப் போய் வெல்டிங் கற்றார். கண் சிவந்து வீட்டுக்கு வருவார், அம்மா உருளைக்கிழங்கை நறுக்கி இமைமேல் வைப்பார். தளத்தின் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியபோது அதிலேயே வேலை கிடைத்தது.

எங்கள் அண்ணன் கதை வேறு, அவர் போனது அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து நடத்திய பயிற்சி நிலையத்துக்கு. சிங்கப்பூர் அரசின் பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1972 வாக்கில் முதல் கூட்டுப் பயிற்சி நிலையத்தை யாரோடு சேர்ந்து தொடங்கியது தெரியுமா? டாட்டாவோடு! அப்புறம்தான் ரோலை, பிலிப்ஸ் எல்லாம். அன்றைக்குச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு டூல் மேக்கிங், அதாவது தொழிற்சாலைக் கருவிகள் செய்யும் வேலை, சொல்லிக்கொடுக்க இந்தியாவிலிருந்து வந்தார்கள். இன்றைக்கு இந்திய பி.இ. பட்டதாரி இங்கே கம்பி கட்ட வருகிறார். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை, எனக்கே நெஞ்சு கனக்கிறது.

அந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. கம்பெனி தனக்கு வேண்டியவர்களை மட்டும் பயிற்றுவித்தால் போதாது, கூடுதலாகவும் ஆட்களைத் தயார் செய்ய வேண்டும். செலவில் பெரும்பங்கு அரசாங்கத்துடையது. ரோலை 1981இல் நொடித்து மூடியபோது அந்தப் பிள்ளைகள் தெருவில் நிற்கவில்லை. கையில் இருந்தது கேமரா செய்யும் வேலை மட்டுமல்ல, இரும்பைத் துல்லியமாகக் கடையும் வேலை. அதற்கு எந்தத் தொழிற்சாலையிலும் இடம் உண்டு.

ஆனால் இங்கே செய்தார்கள், அங்கே ஏன் செய்யவில்லை என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அன்று இந்தத் தீவில் 20 லட்சம் பேர். ஒரு மாவட்டத்தை ஆள்வதும் ஒரு தேசத்தை ஆள்வதும் ஒன்றாகாது.

கொக்கிக் கேள்வி:

ஐயா சொல்றது சரி. ஆனா 20 லட்சம், 20 லட்சம்னு இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்றது? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் ஃபேக்டரியில என் மாமா பொண்ணு அஞ்சு வருஷம் லைன்ல நின்னுச்சு. அஞ்சு வருஷமும் ஒரே ஸ்டேஷன், ஒரே வேலை. போனை எடு, மூடியை மாட்டு, வெளிச்சத்துல பாரு, அடுத்தது. கம்பெனி மூடினப்ப அதுக்குத் தெரிஞ்ச வேலை அந்த மூடிக்குத்தான் ஆகும், அந்த மாடலும் அப்ப கடையில இல்ல. இப்ப ஜவுளிக்கடையில இருக்கு. ஒரு மாவட்டத்து அளவுக்காவது யோசிச்சிருக்கலாம்ல?

பொங்கோல் அக்கா:

எல்லாரும் மெஷின் கதை சொல்றீங்க, நான் கம்ப்யூட்டர் கதை சொல்றேன்.

நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல எனக்கும் ஒண்ணு கிடைச்சது, 2012ல. அந்த வருஷத்தை நம்ம ஊர்க்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. எங்க ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், அம்மா எழுப்பிவிடுவாங்க, நான் சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கிடுவேன். மறுநாள் சாயங்காலம் அதைத் திறந்து வெச்சு, அந்தத் திரை வெளிச்சத்துல புத்தகத்தைப் படிப்பேன். லேப்டாப்பைப் பெட்ரோமாக்ஸா பயன்படுத்தின தலைமுறை நாங்க. கேலி இல்லைங்க, பொது அறிவுல இருந்து பிளஸ் டூ கணக்கு வரைக்கும் அந்த வெளிச்சம்தான். அதைக் குடுத்தவங்களுக்கு இன்னைக்கும் நன்றி சொல்றேன். அதுல என்ன பண்ணலாம்னு சொல்லித்தர பள்ளிக்கூடத்துல ஒருத்தர் இருந்திருந்தா இன்னும் ரெண்டு கும்பிடு போட்டிருப்பேன்.

முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையில ஃபீஸ் குறைஞ்சது. காலேஜ்ல முதல் செமஸ்டர் முழுக்க ஆங்கிலத்துல என்ன நடக்குதுன்னே புரியல. 'லூப்'புன்னா என்னன்னு ஹாஸ்டல்ல ஒரு அக்கா கோலம் போட்டுக் காட்டித்தான் புரிஞ்சது: "ஒரே இழையைச் சுத்திச் சுத்திப் போடுறோம்ல, எத்தனை புள்ளின்னு முன்னாடியே தெரியும்ல, அதாண்டி." இத்தனை வருஷம் கோடு எழுதிட்டேன், இதைவிடத் தெளிவா யாரும் எனக்குச் சொல்லல.

சென்னையில ஆறு வருஷம், அப்புறம் இங்க இ.பி.யில, அதாவது பட்டதாரி வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல வந்தேன். 2023 செப்டம்பர்ல இ.பி.க்குப் புள்ளி போடுற 'கம்பாஸ்' முறை வந்தது தெரியும்ல? 40 புள்ளி எடுக்கணும். படிப்புக்கு எனக்கு 10 கிடைக்கும், பேர் பெற்ற பல்கலைக்கழகமா இருந்தா 20. சான்றிதழ் உண்மையானதான்னு தனியா சரிபார்த்தும் குடுக்கணும். போலிச் சான்றிதழ் ஊர்ல எப்படி விக்குதுன்னு நமக்கே தெரியும், அதனால இதுல எனக்குக் கோபம் இல்ல. கம்பெனி மாறினப்ப எனக்குக் கடுப்பானது இன்னொரு விதி. கம்பெனியோட நிபுணர், அதிகாரி மாதிரி வேலைகள்ல உங்க நாட்டுக்காரங்க 25 சதவீதத்தைத் தொட்டுட்டா, பல நாட்டவர் கலப்புக்கான பிரிவுல சைபர். அதாவது பக்கத்து சீட்டுல யார் உக்காந்திருக்காங்கன்றதும் என் மார்க்! போர்டு எக்ஸாம்ல கூட இப்படி இல்லப்பா.

இந்த ஊர்க்காரங்க கவலை எனக்குப் புரியாம இல்ல. என் டீம்ல இந்த ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கான், ரொம்ப நல்லவன், அவனுக்கும் வேலை வேணும்ல.

துவாஸ் ரெவிட்:

வணக்கம். நான் பி.இ. சிவில், புதுக்கோட்டைப் பக்கம். 2016ல டெஸ்ட் அடிச்சு வந்தவன். தெரியாதவங்களுக்கு: கட்டுமான வேலைக்கு வரணும்னா ஊர்லயே டெஸ்ட் சென்டர்ல பயிற்சி எடுத்து, இங்கத்த கட்டட, கட்டுமான ஆணையத்தோட தேர்வுல தேறணும். நான் எடுத்தது எலக்ட்ரிகல் வயரிங். மூணு மாசம் ஒரே பலகையில ஒரே மாதிரி சுவிட்சு, பல்பு, பைப்பு. கண்ணை மூடிட்டு மாட்டுவேன். தேறி வந்து இறங்கினதும் கம்பெனி குடுத்த வேலை கம்பி தூக்குறது. வயரைத் தொடவே விடல.

மொத்தச் செலவு நாலரை லட்சம். அதுல பாதி அக்கா நகை. இங்க சட்டப்படி ஏஜென்ட் அதிகபட்சம் ரெண்டு மாசச் சம்பளம்தான் வாங்கலாம். அந்தச் சட்டம் சாங்கி ஏர்போர்ட்டோட நின்னுக்கும், திருச்சியில செல்லாது. காலேஜ் கடன் ஒரு பக்கம் ஓடிட்டிருந்தது. படிச்சதுக்கும் கடன், படிச்சதை மறைச்சு வந்ததுக்கும் கடன். டார்ம்ல, அதாவது தொழிலாளர் விடுதியில, எங்க ரூம்ல 12 பேர், அதுல நாலு பேர் டிகிரி. யாரும் வெளிய சொல்ல மாட்டோம். சொன்னா சூப்பர்வைசர், "ஓய் இன்ஜினியர், அந்த சிமெண்டை எடு"ம்பான்.

எனக்கு வழி திறந்தது ஒரு விதியால. 5,000 சதுர மீட்டருக்கு மேல புதுக் கட்டடம்னா வரைபடத்தை 'பிம்' முறையில, அதாவது முப்பரிமாண மாடலாத்தான் குடுக்கணும்னு 2015ல கட்டாயமாக்கிட்டாங்க. அரசாங்கம் ஒரு வரி எழுதினதும் ஊர் பூரா மாடல் போட ஆள் தேவைப்பட்டது. லிட்டில் இந்தியாவுல ஒரு கடைவீட்டு மாடியில ஞாயிற்றுக்கிழமை ரெவிட் வகுப்பு, அந்த மாடல் போடுற சாஃப்ட்வேர்தான் ரெவிட். காலையில ஒன்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும். சனிக்கிழமை ராத்திரி ஓ.டி. முடிச்சு வந்து உக்காந்தா கண்ணு சொக்கும். என் விரலெல்லாம் கம்பி புடிச்சுக் காய்ச்சுப் போய், மவுஸ்ல வீலை உருட்டினா தொடுறதே தெரியாது. ஒரு சுவர் போடப் போய் மூணு சுவர் விழும். வாத்தியார் மெதுவா, "பரவால்ல, வீடு பெருசாயிருச்சு"ம்பார். ஒன்றரை வருஷம் விடாம போனேன். 2021ல எஸ் பாஸ், மாடலர் வேலை, ஏசி ரூம்.

மாடல்ல பீமுக்குள்ள பைப்பு குறுக்க போனா மத்தவங்க சாஃப்ட்வேர் காட்டினப்புறம்தான் பாப்பாங்க. எனக்குக் கம்பி கட்டின காலத்தால முன்னாடியே உறுத்தும், அந்த இடத்துல கை போகாதேன்னு. பி.இ.யும் உதவுச்சு, சைட்டும் உதவுச்சு. எனக்கு எதையும் குறை சொல்லத் தோணல.

ஆனா இப்ப எங்க கம்பெனி பாதி மாடலிங்கைச் சென்னைக்கு அனுப்புது. நான் வேலையைத் தேடி இங்க வந்தேன், வேலை என்னைத் தேடி அங்க போயிருச்சு. எஸ் பாஸுக்குக் குறைந்தபட்ச மாசச் சம்பளம் 2025 செப்டம்பர்ல புது விண்ணப்பத்துக்கு 3,300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆச்சு. புதுப்பிக்கிறப்ப அது எனக்கும் வரும். முதலாளி கால்குலேட்டரை எடுத்து வெச்சிருக்கார்.

கிராப் ஓட்டி:

இங்கத்த ஆளா நானும் ஒன்னு சொல்லிக்கிறேன். வயசு 47. இருபது வருசம் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில டெக்னீசியனா இருந்து ஆட்குறைப்புல வெளிய வந்தவன். 2024 மே மாசம் 40 வயசும் அதுக்கு மேலயும் உள்ள குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ங்கிற அரசுப் பயிற்சித் திட்டத்துல, படிக்கிறதுக்குன்னு 4,000 வெள்ளி போட்டாங்க. நல்ல விசயம், எந்த நாட்டுல குடுக்குறாங்க! டேட்டா அனலிட்டிக்ஸ் படிச்சேன். சான்றிதழ் வந்துச்சு. வேலைக்கு எழுதிப் போட்டேன், அறுபது எழுபது இருக்கும். ரெண்டு எடத்துல கூப்பிட்டாங்க, ரெண்டு பேரும் கேட்ட முதல் கேள்வி "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" இருபது வருச எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு, அது வேற வேலையில.

அதனால உங்க ஊர்லதான் காகிதம், இங்க எல்லாம் தங்கம்னு நினைச்சுக்காதீங்க. 2017ல ஒரு கும்பல் போலி வகுப்பு, போலி பில்லு காட்டி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்துல கிட்டத்தட்ட 40 மில்லியன் வெள்ளியைச் சுருட்டினது இங்கதான். பாடம் நடந்ததான்னு பாக்காம தலையை எண்ணிக் காசு குடுத்தா எந்த ஊரா இருந்தாலும் அப்படித்தான். இப்ப காலையில நாலு மணி நேரம் கார் ஓட்டுறேன், பிற்பகல்ல ஏர்கான் ரிப்பேர் கத்துக்க ஒரு பழைய கூட்டாளியோட போறேன். சம்பளம் இல்ல, சாப்பாடு அவர் செலவு. முந்தாநாள் முதல் தடவையா கேஸ் லீக்கை நானே கண்டுபிடிச்சேன். சோப்பு நுரையைத் தடவி விட்டா ஒரு குமிழி ஊதிக்கிட்டு வரும் பாருங்க, ஒரு சின்னப் பிள்ளை மாதிரி கத்திட்டேன்.

செம்பவாங் பழையவர்:

ஏர்கான் தம்பி, என் வீட்டில் ஒன்று சொட்டிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்துத்தான் கூப்பிடுவேன், தனிச் செய்தி அனுப்புங்கள்.

கொக்கிக் கேள்வி கேட்டவருக்கு: மாவட்ட அளவில் யோசித்திருக்கலாம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஜூரோங் மைக்ரோமீட்டர்:

எல்லாருக்கும் நன்றி. துவாஸ் அண்ணே, அந்த ரெவிட் வகுப்பு இன்னும் நடக்குதா? நம்பரைத் தனியா அனுப்புங்க, தம்பிக்குக் குடுக்கணும்.

அவனை நாளைக்குத் தேக்காவுக்கு வரச் சொல்லியிருக்கேன். என்னோட பழைய மைக்ரோமீட்டரும், ஸ்க்ராப்ல கிடந்த ஒரு பேரிங்கும் பையில எடுத்து வெச்சுட்டேன். ரெஸ்யூம்ல அந்த வரியை வெக்கிறதா எடுக்கிறதான்னு, அவன் ராட்செட்டைச் சுத்தினப்புறம் பேசிக்கலாம்.