ஹெச்எக்ஸ் ஸ்டாம்பில் டிஎஸ்பி போதவில்லை: அரைக் கட்டை இறக்கத்துக்கு எப்படி இடம் செய்வது?

ஆறுதந்தி எழுதியது:

வணக்கம். நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். மேடைக்கு லைன் 6 நிறுவனத்தின் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற சிறிய கிட்டார் எஃபெக்ட் கருவி ஒன்றை மட்டுமே எடுத்துச் செல்கிறேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்பதற்காகவே அதை வாங்கினேன். அதன் ஒலியில் எனக்கு முழுத் திருப்தி. என் பிரீசெட்டில் (சேமித்து வைத்த ஒலி அமைப்பில்) கம்ப்ரசர், ஓவர்டிரைவ், ஆம்ப், 2048 மாதிரி (சாம்பிள்) நீளமுள்ள ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்து வைத்த பதிவு), கோரஸ், ஸ்டீரியோ டிலே, ஸ்டீரியோ ரிவெர்ப் என 7 பிளாக்குகள் (வரிசையில் அடுக்கும் ஒலிக் கூறுகள்) இருக்கின்றன.

பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும் நாளில், மேடையில் வைத்தே "அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். கீபோர்டு வாசிப்பவருக்கு ஒரு பொத்தான் போதும். எனக்கோ திறந்த தந்திகளை நம்பி அமைத்த ஆர்பெஜியோக்கள் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுபவை) எல்லாம் குலைந்துபோகின்றன. ஆகவே, ஆறு தந்திகளையும் சேர்த்துச் சுருதி இறக்கும் பாலிஃபோனிக் பிளாக்கை எட்டாவதாகச் சேர்க்க முயன்றேன். பட்டியலில் அது மங்கலாகத் தெரிகிறதே தவிர, தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஓவர்டிரைவையும் கோரஸையும் பைபாஸில் போட்டு (நீக்காமல் அணைத்து மட்டும் வைத்து) பார்த்தும் பயனில்லை. 8 பிளாக்குகளுக்கு அனுமதி இருக்க, 7 மட்டுமே பயன்படுத்தியிருக்கும்போது ஏன் இடம் கிடைக்கவில்லை?

பெடல்பலகை எழுதியது:

இங்கே இருப்பவை இரண்டு தனித்தனி வரம்புகள். பிளாக் எண்ணிக்கை மென்பொருள் வகுத்தது. இந்தக் கருவி 2018-இல் வந்தபோது அது 6 ஆக இருந்தது. 2020-இல் வந்த 3.0 மென்பொருளில் 8 ஆயிற்று. உள்ளே இருக்கும் டிஎஸ்பி, அதாவது ஒலியைக் கணக்கிடும் சில்லு, மட்டும் அன்றைக்கு இருந்ததேதான். வண்டியில் இருக்கைகள் கூடின, இழுவைத் திறன் கூடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகளாக வெட்டப்படுகிறது. அதாவது, சுமார் 21 மைக்ரோநொடிக்கு ஒரு மாதிரி வீதம் வந்துகொண்டே இருக்க, வரிசையில் உள்ள எல்லா பிளாக்குகளின் கணக்கும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து முடிந்தாக வேண்டும். கணினியில் ஒரு வேலை தாமதமானால் நாம் காத்திருக்கலாம். இங்கே தாமதமானால் ஒலி வெட்டுப்பட்டு மேடையில் கேட்டுவிடும். அதனால்தான் கருவி முன்கூட்டியே கணக்குப் போட்டு, அடங்காத மாடலை மங்கலாக்கிவிடுகிறது. பைபாஸ் செய்தாலும் இடம் கிடைக்காததற்குக் காரணமும் இதுவே: நீங்கள் காலால் மிதித்த கணமே அந்த பிளாக் வேலை செய்ய வேண்டும் என்பதால், அதற்குரிய பங்கு ஒதுக்கப்பட்டே இருக்கும். பிளாக்கையே நீக்கினால்தான் அது விடுபடும்.

எதற்கு எவ்வளவு செலவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்டார்ஷன் புதிய மேல்சுரங்களைப் பிறப்பிக்கிறது. அவற்றில் 24,000 ஹெர்ட்சைத் தாண்டுபவை மடங்கித் திரும்பி, சுருதியோடு சேராத கீச்சொலியாகக் கேட்கும். அதைத் தவிர்க்க ஆம்ப் மாடல்கள் உள்ளுக்குள் பல மடங்கு வேகத்தில் கணக்கிடப்படுகின்றன. ஆகவே ஆம்ப் மலிவாக இருக்க முடியாது. பாலிஃபோனிக் சுருதி மாற்றம் இந்தக் கருவியின் மிகக் கனமான பிளாக்குகளில் ஒன்று. ரிவெர்பும் நீண்ட ஐஆரும் அடுத்த நிலையில் வரும். கம்ப்ரசர், ஈக்யூ, மோனோ டிலே ஆகியவை இலேசானவை.

ஒலிக்கூடம் எழுதியது:

மேடையில் உங்கள் கருவியிலிருந்து மிக்சருக்கு ஒரே கேபிள்தான் போகிறது என்றால், ஸ்டீரியோ டிலேயும் ஸ்டீரியோ ரிவெர்பும் வீண்செலவு. இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதால் அவை பெரும்பாலும் மோனோவைவிட ஏறத்தாழ இரு மடங்கு எடுத்துக்கொள்கின்றன. கேட்பவர்களுக்கோ அது ஒற்றை ஒலியாகத்தான் போய்ச் சேர்கிறது. இரண்டையும் மோனோவாக மாற்றுங்கள்.

அடுத்து, ஐஆரை 1024 மாதிரிக்குக் குறையுங்கள். 2048 மாதிரி என்பது 42.7 மில்லிநொடி, 1024 என்பது 21.3 மில்லிநொடி. நீளத்தைக் குறைக்கும்போது முதலில் இழப்பது மிகத் தாழ்ந்த அதிர்வெண்களின் நுணுக்கத்தையே. பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே நான் தயங்குவேன். கிட்டாரின் கீழ்த் தந்தி 82 ஹெர்ட்சில் தொடங்குகிறது. குழுவோடு வாசிக்கும்போது இந்த வேறுபாட்டை என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஐஆர் பிளாக்கிலேயே லோ கட், ஹை கட் இருப்பதால் ஒலியைத் திருத்தத் தனி ஈக்யூவும் வேண்டாம்.

கோரஸை நீக்கிவிட்டு, மாடுலேஷன் உள்ள டிலே மாடலைப் போட்டால் ஒரு பிளாக் இரண்டு வேலை பார்க்கும். ஓவர்டிரைவை ஒரு சிறு அனலாக் பெடலாகக் கருவிக்கு முன்னால் வைக்கலாம். வீட்டில் பதிவு செய்யும்போது ரிவெர்பைக் கணினியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மேடையில் மிக்சரில் இருப்பவரிடம் ரிவெர்பை ஒப்படைக்க வேண்டாம் என்பது என் அனுபவம், ஏனென்றால் பாடகருக்குக் கொடுக்கும் அளவே கிட்டாருக்கும் வந்து சேரும்.

கேப்போ எழுதியது:

மேலே சொன்ன சிக்கனங்கள் அனைத்தும் சரியானவையே. ஆயினும், பாலிஃபோனிக் பிளாக்குக்கு இடம் கிடைத்தாலும் உங்களுக்கு அது நிறைவு தராது என்று நினைக்கிறேன். கீழ்த் தந்தியின் ஒரே ஓர் அதிர்வு முடியவே 12 மில்லிநொடி ஆகிறது. அதைக் கேட்டுச் சுருதி மாற்றும் எந்தக் கருவியும் கொஞ்சம் காத்திருந்துதான் ஆக வேண்டும். வேகமான ஆர்பெஜியோவில் அந்தச் சிறு இழுப்பு விரலுக்குத் தெரியும்.

கிட்டாரின் ஆறு தந்திகளையும் நிரந்தரமாக அரைக் கட்டை இறக்கிச் சுருதி சேர்த்துவிட்டு, முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டிக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் வழக்கமான சுருதி. பாடகர் இறக்கச் சொன்னதும் கேப்போவைக் கழற்றினால் போதும். விரல் வடிவங்கள் மாறாது, திறந்த தந்திகள் அப்படியே ஒலிக்கும், டிஎஸ்பி செலவோ கொஞ்சமும் இல்லை. சில பாடல்களில் ஏற்கெனவே கேப்போ வைத்து வாசிக்கிறீர்கள் என்றால், அங்கே ஒரு ஃபிரெட் கூட்டிக்கொள்ள வேண்டும். கழுத்தில் உள்ள புள்ளி அடையாளங்கள் ஓர் இடம் தள்ளிப்போவது ஒன்றுதான் பழகும்வரை தொல்லை தரும்.

ஆறுதந்தி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தேன். டிலே, ரிவெர்ப் இரண்டும் மோனோ, ஐஆர் 1024, கோரஸுக்குப் பதிலாக மாடுலேஷன் டிலே என்று முதன்மைப் பிரீசெட்டை மாற்றியதில் நல்ல இடம் மிஞ்சியது. எங்கள் மேடைகளில் மிக்சருக்கு ஒரே கேபிள்தான். இத்தனை நாள் யாருக்கும் கேட்காத ஸ்டீரியோவுக்காகச் செலவிட்டிருக்கிறேன்.

பாலிஃபோனிக் பிளாக்குக்கென்று தனியாக ஒரு பிரீசெட்டும் அமைத்தேன். அதில் ஆம்ப், ஐஆர், மோனோ டிலே தவிர வேறொன்றும் இல்லை. நீண்ட கார்டுகளுக்கு அது போதும். ஆர்பெஜியோவில் கேப்போ அவர்கள் சொன்ன இழுப்பு எனக்கும் தெரிந்தது. ஆகவே நான் கேப்போ முறைக்கே வந்துவிட்டேன். கழற்றியதும் தந்திகள் சற்றுத் தொய்வாக இருப்பதுதான் இப்போது எஞ்சியிருக்கும் சிக்கல். நான் போட்டிருப்பது 10 செட் (மேல் தந்தியின் தடிமன் 0.010 அங்குலம்).

கேப்போ எழுதியது:

தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறும். அரைக் கட்டை இறக்கினால் சுமார் 11 விழுக்காடு குறைகிறது. நீங்கள் உணரும் தொய்வு அதுதான். 11 செட் போட்டால் மேல் தந்தியில் இழுவிசை பழைய அளவையும் தாண்டிவிடும். 10.5 செட் கிடைத்தால் அதையே போடுங்கள். பழைய பிடிக்கு மிக அருகில் வந்துவிடும். மாற்றியபின் சேடிலில் (தந்தி தாங்கியில்) இன்டொனேஷனை, அதாவது மேல் ஃபிரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்கிறதா என்பதை, கேப்போ மாட்டிய நிலையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிகழ்ச்சியின் பெரும்பகுதியை நீங்கள் அந்த நிலையில்தான் வாசிக்கப் போகிறீர்கள்.